கார்பன் ஃபைபர், பசை, சூடு: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

டைமண்ட் டிஏ20 என்று ஒரு சின்ன விமானம் உண்டு. இரண்டு பேர் உட்காரலாம். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கானது. உடம்பு முழுக்க எபாக்ஸி என்ற பசையில் ஊறி இறுகிய இழைதான். இதன் ஆரம்ப மாடலில், இருக்கைகளுக்குப் பின்னால், இறக்கையின் உத்திரம் உடம்போடு சேரும் இடத்தில் வெப்பம் காட்டும் ஒரு சின்னச் சில்லு ஒட்டியிருக்கும். கிளம்புவதற்கு முன் விமானி அதைப் பார்க்க வேண்டும். அதில் 55 என்ற எண் தெளிவாகத் தெரிந்தால் அப்போதைக்குப் பறக்கக் கூடாது. விமானத்தை நிழலுக்குத் தள்ளி ஆற விட வேண்டும்.

இரும்புக்கும் அலுமினியத்துக்கும் 55 டிகிரி ஒரு பொருட்டே கிடையாது. கார்பன் இழையோ, தயாரிக்கும்போதே ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த பொருள். அப்படியிருக்க, வெயிலில் நிறுத்திய காரின் சூட்டுக்கு ஒரு விமானம் ஏன் பயப்பட வேண்டும்? எல்லாம் அந்த இழையைப் பிடித்திருக்கும் பசையால் வந்த வினை. "கார்பன் ஃபைபர் எவ்வளவு சூடு தாங்கும்?" என்று யாராவது கேட்டால், "எந்தப் பசை, எத்தனை டிகிரியில் இறுகியது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அது தெரியாமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

இழையும் பசையும்

கார்பன் ஃபைபர் என்று நாம் சொல்லும் கறுப்புப் பலகை இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று இழை. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற நூலை (அக்ரிலிக் ஸ்வெட்டர் நூலுக்கு நெருங்கிய சொந்தம்) முதலில் 200 முதல் 300 டிகிரியில் காற்றோட்டத்தில் வாட்டி, அப்புறம் ஆக்சிஜன் இல்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், கிட்டத்தட்ட கார்பன் மட்டும் மிஞ்சும். ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இன்னொன்று, இந்த இழைகளை இடம் மாறாமல் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக். பெரும்பாலும் அது எபாக்ஸிதான். நல்ல விமானப் பாகத்தில் கன அளவில் சுமார் 60 சதவீதம் இழை, மிச்சம் எபாக்ஸி.

இழை ஓடும் திசையில் இழுத்தால் சுமையை இழை வாங்கிக்கொள்ளும். எபாக்ஸி கொஞ்சம் இளகியிருந்தாலும் அப்போது வெளியே தெரியாது. இரண்டு பாகங்களை ஒட்டும் இடத்தில்தான் சங்கதி வேறு. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகி ஒட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு பசைப் படலம் இருக்கும். அந்தப் படலத்தைக் கடந்து ஓர் இழைகூட அந்தப் பக்கம் போவதில்லை. முதல் குழாயில் வரும் சுமை மொத்தமும் அந்த மெல்லிய படலத்தை வழுக்கித் தள்ளப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த குழாய்க்குப் போய்ச் சேர வேண்டும். குழாய்கள் எவ்வளவு முரட்டு பலம் கொண்டவையாக இருந்தாலும், ஒட்டில் நாம் நம்பியிருப்பது வெறும் பிளாஸ்டிக்கைத்தான். அதனால் சூட்டின் பாதிப்பு முதலில் தெரிவதும் அங்கேதான்.

சூடு வைப்பது எதற்கு?

இரண்டு டியூபில் வரும் அரல்டைட் நம் வீடுகளுக்குப் பழகியது. ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். ஸ்விட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1946-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பசை அது. விமானத் தொழிற்சாலையில் உள்ள பசைகளும் அதே குடும்பம்தான், விலைதான் எங்கேயோ இருக்கும். ரெசினையும் ஹார்டனரையும் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலை பின்ன ஆரம்பிக்கின்றன. வலை அடர்ந்ததும் திரவம் திடமாகிவிடும். தண்ணீர் ஆவியாகிக் காயும் கோந்தைப் போல அல்ல இது; உள்ளே நடப்பது வேதிவினை. இட்லி வெந்த பிறகு அதைத் திரும்ப மாவாக்க முடியுமா? அப்படித்தான் இந்த வலையும். பின்னி முடித்ததைப் பிரித்துத் திரவமாக்க வழியில்லை.

சூட்டில் இந்த வினை வேகமெடுக்கும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பட்டறைக் கணக்கு. மெதுவாக இறுகும் வழக்கமான எபாக்ஸி ஒன்று 23 டிகிரியில் வேலைக்கு ஆகும் பலத்தை எட்டப் பத்து மணி நேரம்போல எடுத்துக்கொள்ளும். 60 டிகிரியில் அதற்கு முக்கால் மணி நேரம் போதும். 100 டிகிரியில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரின் பயணிகள் கூண்டு கார்பன் ஃபைபர் பாகங்களை ஒட்டிச் செய்தது. கார் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஒட்டுக்கும் மணிக்கணக்கில் காத்திருந்தால் கட்டுப்படியாகுமா? ஒட்டுகிற இடங்களுக்கு மட்டும் சூடு வைத்து அந்த நேரத்தைச் சில நிமிடங்களுக்குக் கொண்டுவந்தார்கள்.

சரி, அவசரம் இல்லாதவர் சூடே வைக்காமல் ஒரு வாரம் அப்படியே விட்டுவிடலாமே? வேகம் ஒன்றுதான் லாபம் என்றால் விடலாம்தான். ஆனால் சூட்டுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது.

டிஜி என்ற எல்லைக்கோடு

இறுகிய எபாக்ஸி உருகாது. ஆனால் ஒரு வெப்பநிலையைத் தாண்டினால், அதுவரை கண்ணாடித் துண்டு மாதிரி விறைப்பாக இருந்தது ரப்பர் மாதிரி குழைந்துவிடும். இதைக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்பார்கள். துறையில் இருப்பவர்கள் வாயில் சுருக்கமாக டிஜி. அதைத் தாண்டிய பசையின் விறைப்பு பத்தில் ஒரு பங்காகவோ, பல சமயம் நூறில் ஒரு பங்காகவோ விழுந்துவிடும். ஆறினால் மறுபடி விறைக்கும். ஆனால் இளகியிருந்த நேரத்தில் ஒட்டின் மேல் சுமை இருந்திருந்தால், நழுவியது நழுவியதுதான். ஒரு டிகிரி இப்பக்கம் பலம், ஒரு டிகிரி அப்பக்கம் குழைவு என்ற மாதிரியும் இது நடப்பதில்லை. இருபது முப்பது டிகிரி முன்னதாகவே பசை தளர ஆரம்பித்துவிடும்.

இந்த டிஜி பசையோடு பிறந்த நிலையான எண் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கலந்த புதிதில் பசை திரவம். அதன் டிஜி பூஜ்யத்துக்கும் கீழே. வலை பின்னப் பின்ன டிஜி ஏறிக்கொண்டே வரும். ஏறி ஏறி, பசை இருக்கும் சூழலின் வெப்பநிலையை ஒரு கட்டத்தில் பிடித்துவிடும். அந்த நேரத்தில் பசை விறைத்துப் போகிறது. விறைத்த பசைக்குள் மூலக்கூறுகள் நகர இடமில்லை. ஒரு பக்கம் ஹார்டனரின் முனை சும்மா நிற்கும், கொஞ்சம் தள்ளி அதற்கு ஜோடியாக வேண்டிய ரெசின் முனை நிற்கும். இரண்டும் சந்திப்பது கஷ்டம். வினை தளர்ந்து, டிஜி இன்னும் இருபது முப்பது டிகிரி ஏறுவதற்குள் ஏறக்குறைய நின்றுவிடும்.

இதனால்தான் 25 டிகிரி அறையில் இறுகிய பசையின் டிஜி பெரும்பாலும் 45 முதல் 55 டிகிரிக்குள் நின்றுபோகிறது. கையால் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். நகம் இறங்காது. இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறாது. அதே துண்டை 60 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால், விறைத்தது சற்றே இளகும், பாதியில் நின்ற வினை தொடரும், டிஜி 75, 80 என்று ஏறும். பட்டறையில் இதைப் போஸ்ட் க்யூர் என்பார்கள். பசை எந்தச் சூட்டில் இறுகியதோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சூடுவரைதான் அது பின்னால் தாங்கும். கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட் க்யூர் செய்யும்போது சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும், மணிக்கு 10 டிகிரி என்ற மாதிரி. டிஜி முன்னால் ஓட, அடுப்பின் சூடு பின்னாலேயே துரத்திக்கொண்டு போகட்டும். எடுத்த எடுப்பில் அடுப்பை 80-இல் வைத்தால், 50 டிகிரி டிஜி உள்ள ஒட்டு அதுவரை பிடித்திருந்த பாகத்தை விட்டுக்கொடுத்துவிடும். கோணின மாதிரியே மீண்டும் இறுகியும்விடும். சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் டிஜியும் முடிவில்லாமல் ஏறுமா என்றால், ஏறாது. ஒவ்வொரு ரசாயனக் கலவைக்கும் ஓர் உச்சம் உண்டு. விமானப் பசைகள் இறுகும் 177 டிகிரியில் வீட்டு எபாக்ஸியை வைத்தால் அது விமானப் பசை ஆகிவிடாது, பழுப்பேறிக் கெட்டுப்போகும்.

கிளைடர்கள் ஏன் வெள்ளை

ஜெர்மனியில் கிளைடர் என்பது ஒரு பண்பாடு மாதிரி. எஞ்சின் இல்லாமல் காற்றின் ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு பறக்கும் இந்த விமானங்களைப் பல்கலைக்கழக மாணவர்களே குழுவாகச் சேர்ந்து வடிவமைப்பார்கள். பிரவுன்ஷ்வைக் நகரின் மாணவர் குழு 1972-இல் பறக்கவிட்ட எஸ்பி-10 தான் கார்பன் ஃபைபர் பயன்படுத்திய முதல் கிளைடர்.

கிளைடர் இறக்கையின் மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் தனித்தனி அச்சுகளில் செய்வார்கள். அப்புறம் பருத்தித் துகள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை ஓரங்களிலும் உத்திரத்தின் மேலும் கனமாகத் தடவி, ஓர் அச்சைப் புரட்டி மற்றதன் மேல் கவிழ்த்து மூடிவிடுவார்கள். உள்ளே பசை எல்லா இடத்திலும் பரவியதா என்று கண்ணால் பார்க்க வழியே இல்லை. இறுகியதும் அச்சிலிருந்து எடுத்து, சூடான அறையிலோ கூடாரத்திலோ 55 டிகிரிபோல வைத்துப் பல மணி நேரம் பதப்படுத்துவார்கள். பெரிய ஆட்டோகிளேவ் (சூடும் அழுத்தமும் சேர்த்துக் கொடுக்கும் உலை) வாங்கப் பணம் இல்லாத சிறு தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் முறை இது. எனக்கு இதன் எளிமை பிடிக்கும். ஆனால் விலை ஒன்று உண்டு: அந்த ஒட்டின் டிஜி 177 டிகிரியில் இறுகிய பசையின் கிட்டேகூட வராது.

ஐரோப்பிய விதிகளில் வெள்ளைக் கிளைடரின் கட்டமைப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பமாக 54 டிகிரியை எடுத்துக்கொண்டு பலத்தைச் சோதிக்கிறார்கள். நிறத்தை இங்கே கவனியுங்கள். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு 80 டிகிரியைத் தாண்டிவிடும். வெள்ளை அந்த அளவுக்குப் போகாது. அதனால்தான் கிளைடர் கையேடுகளில் மூக்கு, இறக்கை நுனி, வால் துடுப்பு போன்ற சில இடங்களைத் தவிர மற்ற எல்லாம் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அழகுக்காக என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். காரணம் உத்திரத்தை ஒட்டியிருக்கும் பசை.

இதை அப்படியே நம் ஊர் மே மாத வெயிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். காரின் மேல் ஒட்டிய பளபளப்பான கறுப்பு கார்பன் பாகம், மொட்டை மாடியில் வைத்த ட்ரோன், வெயிலில் சாத்திய சைக்கிள் எல்லாம் 70 டிகிரியை எளிதாகத் தொடும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய பசைக்கு அது எல்லை தாண்டிய சூடு. "நல்ல பசைதான் போட்டேன், எப்படி விட்டுப்போச்சு?" என்று கேட்பவர்களில் பலருக்குப் பசையில் குறையே இருக்காது, வாங்கிய பசையை இறுக வைத்த விதத்தில்தான் குறை.

ஈரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எபாக்ஸி காற்றிலிருந்து மெதுவாகத் தண்ணீரை உறிஞ்சும். எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் வலைக்குள் புகுந்து அதைத் தளர்த்திவிடும். 200 டிகிரி டிஜி உள்ள விமான எபாக்ஸி ஈரம் ஏறினபின் 150, 160 என்று இறங்குவது சாதாரணம். ஆகவே விமானத் துறையில் காய்ந்த டிஜியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஈர டிஜியை அளந்து, அதிலிருந்தும் 28 டிகிரி கழித்து, அதற்குள் பயன்படுத்து என்பார்கள்.

பசையே சூடு போடும்போது

வினை நடக்கும்போது எபாக்ஸி தானே வெப்பத்தை வெளியிடும். 0.2 மில்லிமீட்டர் படலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை, சூடு இரு பக்கமும் பரவிப் போய்விடும். ஆனால் வேகமாக இறுகும் பசையை ஒரு பிளாஸ்டிக் கப்பில் 200 கிராம் கலந்து மேஜையில் வைத்துப் பாருங்கள். சூடு வெளியே போக வழியில்லாமல் வினை வேகமெடுக்கும், வேகத்தால் இன்னும் சூடு, சூட்டால் இன்னும் வேகம். கப் உருகிப் புகை வரும் அளவுக்குப் போகும். கலந்த பசையை உடனே ஓர் அகலமான தட்டில் பரப்பி ஊற்றுவது இதற்காகத்தான். பெரிய இடைவெளியை ஒரே தடவையில் கனமாகப் பசை போட்டு நிரப்பினாலும் இதே ஆபத்து உண்டு. நடுவில் பொரிந்து குமிழ் விழும்.

இரண்டு பொருள், இரண்டு நீட்டம்

இதுவரை பசைக்குள் நடப்பதைப் பார்த்தோம். பசைக்கு இரு பக்கமும் இருக்கும் பொருள்கள் சூட்டில் என்ன செய்கின்றன என்பது இன்னொரு கதை. என் கணக்கில் டிஜியைவிட இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

சூடேறினால் எல்லாமே நீளும் என்று பள்ளியில் படித்தோம். கார்பன் இழை அதற்கு விலக்கு. நீளவாட்டில் அது சூட்டில் மிக மிகச் சிறிதளவு சுருங்கும். எபாக்ஸி நன்றாகவே நீளும். பல திசைகளில் இழை அடுக்கிச் செய்த பலகையில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடுவதால், நீட்டம் ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைந்துவிடும். தொலைநோக்கிகளையும் செயற்கைக்கோள் சட்டங்களையும் கார்பனில் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படிப்பட்ட பலகையை அலுமினியத்தோடு ஒட்டினால்? 1 மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போடுவோம். 177 டிகிரியில் பசை இறுகுகிறது. அந்த நேரத்தில் இரண்டும் ஒரே நீளம், இழுபறி எதுவும் இல்லை. பின்பு 27 டிகிரிக்கு ஆறுகிறது, 150 டிகிரி இறக்கம். அலுமினியம் கிட்டத்தட்ட 3.5 மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். கார்பன் பலகை அரை மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. நடுவில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம், பசையோ இரண்டையும் விடாமல் பிடித்திருக்கிறது. ஒன்று, மொத்தமும் வில் மாதிரி வளையும். வளைய விடாமல் பிடித்தால், ஒட்டின் இரண்டு முனைகளிலும் பசை கிழிய ஆரம்பிக்கும். வெளியிலிருந்து ஒரு கிலோ சுமைகூட வராத நிலையில் இது! விமானம் மேலே போய் மைனஸ் 50 டிகிரியைச் சந்திக்கும்போது இழுபறி இன்னும் கூடும்.

இங்கேதான் ஒரு முரண்பாடு வந்து நிற்கிறது. டிஜி ஏற வேண்டுமானால் அதிகச் சூட்டில் இறுக வைக்க வேண்டும். இழுபறி குறைய வேண்டுமானால் குறைந்த சூட்டில் இறுக வைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. கார்பனும் கார்பனும் சேரும் ஒட்டில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை, தைரியமாகச் சூடு வைக்கலாம். கார்பனும் அலுமினியமும் சேரும் இடத்தில் நடுத்தரச் சூட்டில் இறுகும் பசை, கொஞ்சம் நெகிழ்வான பசை, கொஞ்சம் தடித்த படலம் என்று சமாதானமாகப் போவார்கள். இல்லாவிட்டால் அலுமினியத்தையே கைவிட்டு டைட்டானியத்துக்குப் போவார்கள். அதே 150 டிகிரி இறக்கத்தில் 1 மீட்டர் டைட்டானியம் சுருங்குவது 1.3 மில்லிமீட்டர்தான். போயிங் 787 எடையில் பாதி இழைக்கலவை, 15 சதவீதம் டைட்டானியம். விலை உயர்ந்த அந்த உலோகம் அவ்வளவு இருப்பதற்கு இந்த நீட்டக் கணக்கு ஒரு காரணம். கார்பனோடு தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பது இன்னொரு காரணம்.

குழாய் ஒட்டுகளில் எது உள்ளே, எது வெளியே என்பதும் முக்கியம். 1980-களின் இறுதியில் கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளில் ஒட்டிச் செய்த சைக்கிள் சட்டங்கள் நிறைய வந்தன. அலுமினியம் குழாய்க்குள்ளே செருகியிருந்தால், குளிரும்போது அது சுருங்கி கார்பனை விட்டு விலகப் பார்க்கும், பசை இழுபடும். அலுமினியம் வளையமாக வெளியே இருந்தால், குளிரும்போது அது கார்பனை இறுக்கிப் பிடிக்கும், சூட்டில்தான் தளரும். பசை அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. வரைபடம் போடும்போதே இதை யோசித்துவிட்டால் பசையின் வேலை பாதி குறையும்.

குளிரும் சூடும் மாறி மாறி வந்து ஓர் ஒட்டைச் சிதைத்ததற்கு எக்ஸ்-33 பிரபலமான உதாரணம். நாசாவுக்காக லாக்ஹீட் மார்ட்டின் கட்டிவந்த சோதனை விண்கலம் அது. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் சுவர் இரண்டு கார்பன் தோல்கள், நடுவில் தேன்கூடு அமைப்பு, எல்லாம் பசையால் ஒட்டியது. 1999 நவம்பரில் மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனை நிரப்பிச் சோதித்தார்கள். அந்தக் குளிரில் உள்தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்தன. வாயு தேன்கூட்டுக்குள் புகுந்து அடைபட்டது. நிரம்பியிருந்தவரை எதுவும் நடக்கவில்லை. சோதனை முடிந்து, தொட்டியைக் காலி செய்து, அது மெல்லச் சூடேறத் தொடங்கியபோது, உள்ளே அடைபட்ட வாயு விரிந்து அழுத்தம் ஏறியது. ஒட்டு எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாகவும் இருந்தது. வெளித்தோல் உரிந்து வந்துவிட்டது. 2001-இல் திட்டமே கைவிடப்பட்டது.

போர்வை போட்டுச் சூடு வைப்பது

தொழிற்சாலையில் ஆட்டோகிளேவ் இருக்கும். சூடும் அழுத்தமும் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கிடைக்கும். நம் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் தேஜஸ் போர் விமானத்தின் இறக்கைப் பாகங்களை இப்படித்தான் உருவாக்கியது. அதிலும் ஒரு படி மேலே போய், தோலையும் அதை உள்ளிருந்து தாங்கும் விட்டங்களையும் தனித்தனியாக இறுக வைத்துப் பிறகு ஒட்டாமல், கூடியவரை ஒன்றாகவே இறுக வைத்தார்கள். ஒட்டுகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது.

சிரமம் பழுதுபார்க்கும்போதுதான். ஓடுதளத்தில் அடிபட்ட விமானத்தின் இறக்கையைக் கழற்றி ஆட்டோகிளேவுக்குள் வைக்க முடியுமா? அடிபட்ட இடத்தைச் சரிவாகத் தேய்த்து, புதுத் துணி அடுக்கி, நடுவில் பசைப் படலம் வைத்து, மேலே வாக்யூம் பை, அதன்மேல் மின்சாரத்தால் சூடாகும் ரப்பர் போர்வை போடுவார்கள். போர்வைக்கு 120 டிகிரி என்று சொன்னால் அது 120-ஐக் கொடுக்கும். ஆனால் பசை இருக்கும் இடத்தில் 120 இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. கார்பன் பலகை இழையின் திசையில் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், தடிமன் வழியாக மோசமாகக் கடத்தும். ஆக மேலிருந்து வைக்கும் சூடு கீழே இறங்குவதற்குள் பக்கவாட்டில் ஓடிவிடும். போதாததற்கு, தோலுக்குப் பின்னால் ஒரு தடித்த விட்டம் ஓடினால் அது அந்த இடத்துச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். போர்வையின் நடுவில் 125 இருக்கும்போது விட்டத்தின் மேல் 95 இருப்பதெல்லாம் நடக்கக்கூடியதுதான். அந்த 95 டிகிரிப் பகுதியில் பசை பார்ப்பதற்கு இறுகித்தான் இருக்கும், டிஜி மட்டும் குறைவாக இருக்கும். அதனால் ஒட்டைச் சுற்றி நிறைய தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் கம்பி) வைப்பார்கள். எது மிகவும் குளிர்ந்ததோ, அது தேவையான சூட்டைத் தொட்ட பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். எது மிகவும் சூடானதோ, அது எல்லையைத் தாண்டவிடக் கூடாது.

பழைய பலகையில் ஊறியிருக்கும் ஈரமும் இங்கே வம்பு செய்யும். 100 டிகிரி தாண்டியதும் அது நீராவியாகிப் புதுப் பசைக்குள் குமிழிடும், தேன்கூட்டுக்குள் இருந்தால் தோலையே தூக்கிவிடும். ஆகவே ஒட்டுவதற்கு முன் மிதமான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்துவார்கள். பசைப் படலம் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இருந்து வருவதால் அதற்கும் ஒரு விதி: அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் பசையின் மேல் வியர்த்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒட்டு நன்றாக வந்ததா என்று எப்படித் தெரியும்? அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும், குமிழ் தெரியும். அரைகுறையாக இறுகிய பசையோ நல்ல பசை மாதிரியே தெரியும். அதனால் தெர்மோகப்பிள்கள் எழுதிவைத்த வெப்ப வரைபடத்தைப் பாகத்தின் ஆவணத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள். முக்கியமான பாகங்களில் ஒட்டோடு சேர்த்து நாலு போல்ட்டும் போட்டுவைப்பார்கள். பொறியாளர்களுக்குப் பசைமேல் உள்ள அவநம்பிக்கை அது. என் அபிப்பிராயத்தில் நியாயமான அவநம்பிக்கை.

எல்லை தாண்டிய சூடு

ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பையே அழுத்திப் பிடிப்பது) உள்ள கார்பன் சைக்கிள் சக்கரங்கள் இதற்கு நல்ல பாடம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ, 1,000 மீட்டர் உயர மலையிலிருந்து இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் பெரும்பகுதி ரிம்முக்குள்தான் போகும். அலுமினிய ரிம் சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும். கார்பன் ரிம்மில் அது பிரேக் படும் ஓரத்திலேயே தேங்கி, எபாக்ஸியின் டிஜியைத் தாண்டும். டயரின் காற்றழுத்தம் உள்ளிருந்து தள்ள, இளகிய ஓரம் வெளிப்பக்கமாக மலர்ந்து, அடுக்குகள் பிரிந்து, டயர் வெடித்த சம்பவங்கள் உண்டு. நிறுவனங்கள் டிஜி கூடிய ரெசினுக்கு மாறிப் பார்த்தன. கடைசியில் டிஸ்க் பிரேக் வந்து, சூட்டை ரிம்மை விட்டே வெளியேற்றிவிட்டது.

இன்னும் மேலே, 300 டிகிரியைத் தாண்டிப் போனால் எபாக்ஸி சிதைந்து எரியக்கூடிய வாயுவாக மாறும். 2013 ஜூலையில் லண்டன் ஹீத்ரோவில் நின்றுகொண்டிருந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 787-இல், அவசர சமிக்ஞைக் கருவியின் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. மேல்தோலின் ரெசின் சிதைந்து அந்தத் தீக்கு மெல்ல மெல்ல எரிபொருளானது. இழைகள் மிஞ்சின, அவற்றைப் பிடித்திருந்த பசை போய்விட்டது. அந்த விமானத்தைப் பழுதுபார்த்து மீண்டும் பறக்கவிட்டார்கள்.

சூட்டில் தளரும் இதே குணத்தை வசதியாகவும் பயன்படுத்தலாம். தவறாக ஒட்டியதைப் பிரிக்க வேண்டுமானால் ஹீட் கன் வைத்து ஒட்டின் டிஜியைத் தாண்டிச் சூடாக்கி, மெல்லிய பிளேடால் நெம்பினால் வந்துவிடும். பாகத்தின் டிஜி ஒட்டின் டிஜியைவிட அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒட்டோடு பாகமும் சேர்ந்து கெடும்.

எபாக்ஸிக்குப் பதில் பிபிஎஸ், பீக் போன்ற உருகும் பிளாஸ்டிக்குகளில் கார்பனைப் பதித்தால் பசையே வேண்டாம். 280 டிகிரி, 343 டிகிரி என்று அவற்றின் உருகுநிலைக்கு மேலே சூடாக்கி அழுத்தினால் இரண்டு பாகமும் ஒன்றாகிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், பக்கத்தில் மின்சுருள் வைத்து அதில் மின்னோட்டத்தைத் தூண்டினால் தானே சூடாகும். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்தின் வால் துடுப்புகளை இப்படித்தான் பற்றவைத்தார்கள்.

வீட்டில் ட்ரோன் கையோ சைக்கிள் பாகமோ ஒட்டப் போகிறவர் பசையின் தகவல் தாளில் பலத்தைக் காட்டும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, டிஜி என்ற வரியைத் தேடுங்கள். பக்கத்திலேயே எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் இறுக வைத்து அதை அளந்தார்கள் என்று எழுதியிருக்கும். "80 டிகிரியில் 4 மணி நேரம்" என்று அங்கே இருந்து, நீங்கள் மேஜையில் வைத்தே இறுக விடப்போகிறீர்கள் என்றால், அந்த டிஜி உங்களுக்கு உரியதல்ல. அளந்த முறையையும் பாருங்கள். முறைக்கு முறை பத்து, இருபது டிகிரி வேறுபடும். சூடு வைக்க அடுப்பு இல்லாவிட்டால் அட்டைப் பெட்டிக்குள் தெர்மோகோல் ஒட்டி, ஒரு குண்டு பல்பும் தெர்மாமீட்டரும் வைத்தால் 60 டிகிரி கிடைக்கும். பல்பு அட்டையையோ தெர்மோகோலையோ தொடாமல் இருக்கட்டும், பெட்டியை விட்டுத் தள்ளிப் போகவும் வேண்டாம்.